‘இப்ப நல்லாத்தான் இருக்கா’ என்கிற மாதங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனைவிக்கு 21வது வாரம் நடக்கிறது, இது இரண்டாவது பிள்ளை, மூத்த பையனுக்கு மூன்று வயது. வாந்தியும் மசக்கையும் நின்று ஒரு மாதம் ஆகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது, நஞ்சு (பிளாசென்டா) மட்டும் கீழே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘இப்ப நல்லாத்தான் இருக்கா, இனி ஒன்பதாம் மாசம் பார்த்துக்கலாம்’ என்று உங்கள் அம்மா சொல்கிறார். இந்த நடு மாதங்களில் வீட்டார் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மூத்தவனுக்கு இருந்த பரபரப்பு இந்த முறை வீட்டில் இல்லையே, அது சரிதானா என்பது. சரியில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. காவிரிக் கரையோரக் கிராமம் ஒன்றில், துணை சுகாதார நிலையத்தில் 27 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மாதமாக இருக்கும் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதனால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் மனைவியின் ஸ்கேன் தாளைப் படித்து முடிவு சொல்வது அவரைப் பார்க்கும் டாக்டரின் வேலை. அந்த இடத்தில் என் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உங்கள் பயம். 20 வாரம் வாக்கில் எடுக்கும் ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். நஞ்சு தானாக நகர்ந்து போவதில்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி இனிமேல்தான் நீண்டு விரியும். அது விரிய விரிய, நஞ்சு ஒட்டியிருக்கும் இடம் கர்ப்பப்பை வாயை விட்டு மேலே போய்விடும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பிரசவ காலத்துக்குள் இப்படித்தான் சரியாகிறது. 32வது வாரம் வாக்கில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை படுத்த படுக்கையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் துளி ரத்தம் பட்டாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சு கீழே இருப்பதால் வரும் ரத்தப்போக்கு பெரும்பாலும் வலியில்லாமல்தான் வரும். ‘வலிக்கலையே, காலையில போலாம்’ என்று விடிய விடிய காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் காத்திருக்காதீர்கள். போனதும் முதல் வார்த்தையாக ‘நஞ்சு கீழே இருக்கு’ என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் உள்ளே கை வைத்துச் சோதிக்கப் பார்ப்பார்கள். இந்த நிலையில் அது கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலைச்சன் பிள்ளை என்றால் முதல் மூன்று மாதமும் ஊரே விசாரிக்கும். ஏழில் வளைகாப்பு வரும், அந்தச் சாக்கில் தாய்வீட்டுக்காரர்கள் பத்துத் தரம் வந்து போவார்கள். இரண்டாவதுக்குப் பல வீடுகளில் வளைகாப்பே கிடையாது. வாந்தி நின்றுவிட்டது, வயிறும் இன்னும் பெரிதாகவில்லை, வேலையெல்லாம் செய்கிறாள், சிரித்துப் பேசுகிறாள் என்றால் யாருக்கும் கவலை வருவதில்லை. உடம்புக்குள்ளோ இந்த மாதங்களில்தான் பெரிய வேலை நடக்கிறது. அவள் உடம்பில் ஓடும் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி பங்கு கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. அதனால் ஹீமோகுளோபின் எல்லாருக்குமே கொஞ்சம் இறங்கும். மூத்தவனைப் பெற்றுப் பாலூட்டி, இழந்த இரும்புச்சத்தைத் திரும்பச் சேர்ப்பதற்குள் அடுத்ததைச் சுமக்கும் பெண்ணுக்கு அது கொஞ்சத்தோடு நிற்காது. 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. 11ல் இருக்கிறவளுக்கும் 8ல் இருக்கிறவளுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மெல்ல மெல்ல இறங்குவதால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளை, ஆறாம் மாதம். ஒவ்வொரு தடவையும் ‘நல்லாருக்கேன்க்கா’ என்பாள், மாத்திரை வாங்கிக்கொண்டு போவாள். ஒரு நாள் மதியம் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே இருக்கும்போது அவள் கை முறத்துக்கும் வாய்க்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அரிசி, அடுப்புச் சாம்பல், சிலேட்டுக் குச்சி, மண் என்று எதையாவது தின்னத் தோன்றுவதை மசக்கை என்று விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. அன்றைக்கே சோதித்ததில் 6.8. மாத்திரை எங்கே என்று கேட்டபோது எழுந்து போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பிரிக்காத அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். ‘வெளிக்கி கறுப்பாப் போச்சுக்கா, பயந்துட்டேன். புள்ளையும் கறுத்துடும்னு அத்தை சொன்னாங்க.’ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றித்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்த மாத்திரைகளைத் தின்றாளா என்று அதற்கு முன்பே ஒரு தடவை அட்டையைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு நான் தரும் முதல் வேலை இதுதான். அரசு தருகிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் இன்னொரு 180 நாள். ரத்தம் குறைவாக இருந்தால் இரண்டாகக் கொடுப்பார்கள். ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது கூட இருந்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும். மாத்திரையோடு டீ, காபி, பால் கூடாது. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கக் கூடாது, ஒன்று மற்றொன்றை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். கால்சியத்தைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டால் குழப்பமில்லை. வெளிக்குக் கறுப்பாகத்தான் போகும், அதில் பயமில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குங்குமப்பூவும் பிள்ளையின் நிறத்தை மாற்றாது. உங்கள் அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள். மருமகள் சொன்னால் அது எதிர்ப்பேச்சாகிவிடும்.

அடுத்தது சர்க்கரைப் பரிசோதனை. முதல் தடவை பதிவு செய்தபோதே பார்த்திருப்பார்கள். அப்போது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் நஞ்சு சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துவது இந்தக் காலத்தில்தான் வலுக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. வெகு தூரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்களுக்கு ஒரே ரத்தப் பரிசோதனையில் முடிகிற இந்த முறை பரவியதில் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இரண்டு மணி நேரமும் அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் மூத்தவனைப் பார்த்துக்கொண்டால்தான் அது நடக்கும். பையன் அழுகிறான் என்று பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிற அம்மாக்கள் நிறைய.

பிரஷரைப் பற்றி ஒரு விஷயம். நடு மாதங்களில் ரத்த அழுத்தம் இயல்பாகவே சற்று இறங்கும். சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டும். ஒருக்களித்து, உட்கார்ந்து, பிறகு எழச் சொல்லுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு ஏறுகிற பிரஷர்தான் கவலைக்குரியது. 140/90 என்பது எல்லைக்கோடு. சாயங்காலம் கால் வீங்குவது சாதாரணம்தான். காலையில் எழும்போதே முகமும் விரலும் வீங்கியிருந்தால், விடாத தலைவலி இருந்தால், கண் மங்கினால், மேல்வயிற்றில் வலித்தால் அன்றைக்கே பிரஷர் பாருங்கள்.

மனைவிக்கு அசைவு ‘சில நாள் தெரியுது, சில நாள் தெரியல’ என்று எழுதியிருந்தீர்கள். தலைச்சனுக்குப் பெரும்பாலும் 18, 20 வாரத்தில் தெரியும். அடுத்ததற்கு 16 வாரத்திலேயே சிலர் சொல்லிவிடுவார்கள், அந்த அனுபவம் இருப்பதால். நஞ்சு முன்பக்கம் ஒட்டியிருந்தால் மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற மாதிரி மந்தமாகத்தான் தெரியும். ஸ்கேன் தாளில் அதுவும் எழுதியிருக்கும். வயிற்றுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி என்பார்கள், வாயு ஓடுகிற மாதிரி என்றும் சொல்வார்கள். 21 வாரத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 24 வாரம் ஆகியும் ஒரு அசைவுகூடத் தெரியாவிட்டால் போய்க் காட்டுங்கள். 28 வாரத்துக்கு மேல் பிள்ளைக்கென்று ஒரு போக்கு வந்துவிடும். அந்தப் போக்கு குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும். இனிப்புச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்து பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம்.

மூத்தவனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். ‘திரும்பவும் படுக்கையில் நனைக்கிறான், எப்போதும் இடுப்பிலேயே இருக்கணும்கிறான்.’ இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பம் பெரிதாகிறது என்றால் முதலில் இடம் மாறுகிறவன் அவன்தான். அவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். அம்மா குனிய யோசிக்கிறாள், மத்தியானத்தில் படுத்துக்கொள்கிறாள், பெரியவர்கள் அவளைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான். நம் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் போகிறவரெல்லாம் ‘பாப்பா வந்தா உன்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க, இனிமே அம்மா மடி உனக்கு இல்லை’ என்று குழந்தையைச் சீண்டுவார்கள். அவர்களுக்கு விளையாட்டு. மூன்று வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்புகிறது. உங்கள் வீட்டில் யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், பெரியவராக இருந்தாலும்.

அதைவிடக் கொடுமையான ஒன்று, ‘தம்பியா தங்கச்சியா, சொல்லு’ என்று கேட்பது. குழந்தை வாக்கு பலிக்கும் என்று நம்பிக் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் நான் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன், எதிரே நான்கு வயதுப் பெண் குழந்தை. பாட்டி கேட்டார். அது யோசிக்காமல் ‘தங்கச்சி’ என்றது. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. பாட்டி எழுந்து கொல்லைப் பக்கம் போனார். பிரஷர் பட்டைக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, ‘இல்ல, தம்பி, தம்பி’ என்று மாற்றிச் சொன்னது. தானும் ஒரு பெண் என்பது அதற்கு அப்போது என்னவாகத் தெரிந்திருக்கும்? ஸ்கேன் அறையில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் வருடச் சட்டப்படி குற்றம். கேட்கிற குடும்பத்தாருக்கும் மூன்று வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வீட்டுக்குள் குழந்தையிடம் கேட்பதைத் தடுக்கச் சட்டமில்லை, அப்பா நீங்கள் இருக்கிறீர்கள்.

பையனைத் தயார் செய்ய இந்த மாதங்களைவிட நல்ல நேரம் இல்லை. ‘நாலு மாசம்’ என்றால் அவனுக்குப் புரியாது. இடையில் வருகிற திருவிழாவையோ பொங்கலையோ சொல்லி, அது முடிந்ததும் பாப்பா வரும் என்று சொல்லுங்கள். அவனைப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, இரவுச் சோறு ஊட்டுவது ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக இப்போதே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பா பிறந்த அன்று அம்மா பக்கத்திலிருந்து அவனைப் பிரித்துப் படுக்க வைத்தால், பாப்பாதான் தன்னைத் துரத்தியது என்று நினைப்பான். இப்போதே அப்பாவோடு படுத்துப் பழகியிருந்தால் அன்றைக்கு அவனுக்குப் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. படுக்கையில் நனைப்பதற்குத் திட்டாதீர்கள், கொஞ்ச நாளில் தானே நிற்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றாலோ காய்ச்சல் இருந்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். பத்து கிலோவுக்கு மேல் இருக்கிற பிள்ளையை அம்மா தூக்கலாமா என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நாள் முழுக்கப் பாரம் தூக்கும் வேலை செய்கிற பெண்களுக்குத்தான் கெடுதல் பற்றிய கவலை. எப்போதாவது பிள்ளையைத் தூக்குவதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நஞ்சு கீழே இருப்பதால் உங்கள் வீட்டில் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்வரை அவள் உட்கார்ந்துகொண்டு அவனை மடியில் ஏற்றிக்கொள்ளட்டும். பிள்ளைக்கு வேண்டியது மடிதான்.

சாப்பாட்டில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். தினமும் வழக்கத்தைவிட 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது கணக்கு. இரண்டு பேருக்காகச் சாப்பிடுவது இல்லை அது. ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் ஏறக்குறைய வந்துவிடும். அங்கன்வாடியில் சத்துமாவு கொடுப்பார்கள், வாங்குங்கள். பெயர் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணை, அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி இரண்டாவது பிள்ளைக்கும் உண்டு. பழுத்த பப்பாளி சாப்பிட்டால் கலையும் என்பதற்கு ஆதாரமில்லை. காயில் வடிகிற பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது என்பது எலிகளிடம் செய்த சோதனையில் தெரிந்தது. மனிதர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது தெளிவாகவில்லை, காயை மட்டும் தவிர்த்துவிடலாம். கிரகணத்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கிரகணம் முடியட்டும் என்று அவளைப் பட்டினி போட்டால்தான் ஆகும்.

உங்கள் மனைவி உங்களிடம் சொல்லாமல் இருக்கிற சில உண்டு. ராத்திரியில் கெண்டைச்சதை பிடித்து இழுக்கும். அப்போது கால் கட்டைவிரலை அவள் முகத்தை நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டால் விடும், அதை நீங்கள்தான் செய்ய முடியும். புரண்டு படுக்கும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுளீரென்று ஒரு வலி வரும். கர்ப்பப்பையைத் தாங்குகிற நார்கள் இழுபடுவதால் வருவது, ஒரு நிமிடத்தில் போய்விடும். விட்டு விட்டு வயிறு இறுகி வலித்தால் அது வேறு, உடனே பார்க்க வேண்டும். தாம்பத்தியம் சாதாரணமாக இந்த மாதங்களில் தீங்கில்லை. நஞ்சு கீழே இருக்கிறவர்களை அடுத்த ஸ்கேன்வரை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். அவள் எடுத்ததற்கெல்லாம் அழுகிறாள் என்றால் ‘மாசமா இருந்தா அப்படித்தான்’ என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் வரும் மனச்சோர்வுக்கு மருத்துவம் உண்டு.

ரத்தம் படுவது, நீர் வடிவது, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விடாத தலைவலி, வலிப்பு, விட்டு விட்டு வரும் வயிற்று வலி. இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108. தாய் சேய் நல அட்டையும் ஸ்கேன் தாளும் ஒரே பையில் கதவுக்குப் பின்னால் தொங்கட்டும், அம்மாவுக்கும் அந்த இடம் தெரியட்டும்.

முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை. மூத்தவன் சுகப்பிரசவமா, ஆபரேஷனா? சுகப்பிரசவம் என்றால் மேலே சொன்னபடி 32வது வார ஸ்கேன்வரை அமைதியாக இருக்கலாம். ஆபரேஷன் என்றால், பழைய தையல் இருக்கிற இடத்தில் நஞ்சு ஒட்டி வேர்விட்டிருக்கிறதா என்று அனுபவமுள்ள ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் பிரசவத்தை ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். ஸ்கேன் தாளை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்க் கேளுங்கள், என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். நான் பார்க்கிறேன்.